இரத்தத்தில் மெத்தனால்: வாயு வண்ணப்பிரிகைப் பரிசோதனை

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நச்சு பல உயிர்களைப் பறித்தது. மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். மதுவில் உள்ள எத்தனாலிலிருந்து அதனை மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிய இயலாது. உறுதியாகப் பிரித்துக் காட்டுவது வாயு வண்ணப்பிரிகை, அதாவது கேஸ் குரோமட்டோகிராபி என்னும் பரிசோதனையாகும்.

நோயாளியின் இரத்தம் சிறிதளவு மூடிய குப்பியில் இடப்பட்டு வெப்பப்படுத்தப்படும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் இரத்தத்திற்கு மேலுள்ள வெற்றிடத்தில் திரளும். அந்த ஆவியை நைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயு நீண்ட, நுண்ணிய குழாய் ஒன்றின் வழியே கொண்டுசெல்லும். மெத்தனால், எத்தனால், அசிட்டோன் ஆகியவை வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். வெளிவரும் நேரம் பொருளின் பெயரையும், பதிவாகும் முகட்டின் பரப்பு அதன் அளவையும் தெரிவிக்கும்.

இரத்தம் எடுக்குமிடத்தை ஸ்பிரிட் கொண்டு துடைத்தல் கூடாது. முடிவில் ஐயம் எழும். மாதிரி பெரும்பாலும் சோடியம் ஃபுளோரைடு சேர்த்த குழாயில், இறுக மூடி, குளிர்நிலையில் அனுப்பப்படும். மூடி தளர்ந்தால் அளக்கவேண்டிய பொருளே ஆவியாகிவிடும்.

அறிக்கையில் அளவு குறைவாக இருப்பதாலேயே ஆபத்தில்லை எனக் கொள்ளாதீர்கள். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. பார்வை நரம்பைச் சிதைப்பது அந்த அமிலமே. தாமதமாக எடுத்த மாதிரியில் மெத்தனால் குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருக்கலாம். ஆகவே மருத்துவர்கள் இரத்தத்தின் அமிலத்தன்மையையும் சேர்த்தே பார்ப்பர். பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் மெத்தனால் இருப்பின் மாற்று மருந்து தேவைப்படும்; 50-ஐக் கடந்தால் டயாலிசிஸ் குறித்து முடிவெடுப்பர். அமிலத்தன்மை மிகுந்தாலும் பார்வை குன்றினாலும் அதற்குக் கீழான அளவிலும் இச்சிகிச்சைகள் தரப்படும்.

இக்கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இராது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் போன்ற இடங்களிலிருந்து மாதிரி மலையிறங்கிச் சென்று முடிவு திரும்பும் வரை சிகிச்சை காத்திருக்கலாகாது. மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே தொடங்குவார். பரிசோதனை அதனை உறுதிசெய்யும். நீங்கள் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் கூறுங்கள். மீதமிருக்கும் சாராயத்தை இறுக மூடி ஒப்படையுங்கள். மதுவே மாற்று மருந்து என்று கேள்விப்பட்டு வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். எத்தனால் சிகிச்சை மருத்துவமனையில் அளந்து தரப்படுவது.

குடித்து 12 முதல் 24 மணி நேரம் வரை அறிகுறி தெரியாமல் இருக்கலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். வயிற்றுவலி, வாந்தி, பனிமூட்டம் போன்ற பார்வை ஆகியவை பின்னரே வரும். ஆதலால் உடன் குடித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.