ஆஸ்கார் ஆருடம்

எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரும் நண்பர் ஒருவருக்குச் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், ஒரு வித ஆவேசம் வந்துவிடும். வெனிஸிலும் டொராண்டோவிலும் நடக்கும் படவிழாக்களைப் பற்றிப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டு ஹாலிவுட்டில் யார் யாருக்கு ஆஸ்கார் பரிசு கிடைக்கும் என்று ஜாபிதா எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தப் படங்களில் ஒன்றையேனும் அவர் பார்த்திருக்க மாட்டார். அதனால் என்ன? ஜோசியர் சனி கிரகத்துக்குப் போய்விட்டு வந்தா பலன் சொல்லுகிறார்?

"இதனால் என்ன லாபம், ஸார்?" என்று ஒரு நாள் கேட்டு வைத்தேன்.

"கதை எழுதுகிற நீங்களா இப்படிக் கேட்பது? முடிவு இன்னதுதான் என்று முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் அதில் எவ்வளவு ஆனந்தம்!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆகவே, இந்த ஆஸ்கார் ஆருடத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன்.

முதன் முதலில் ஆருடத்துக்கு அவசியமே இருக்கவில்லை. 1929-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி, ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் முதல் பரிசளிப்பு விருந்து நடந்தது. வந்திருந்தவர்கள் சுமார் 270 பேர். பரிசு கொடுத்து முடிக்கப் பதினைந்து நிமிஷந்தான் பிடித்தது. பெற்றவர்கள் யார் என்பதோ மூன்று மாதம் முன்பே எல்லோருக்கும் தெரியும். தாலி கட்டி மூன்று மாதம் ஆன பிறகு முகூர்த்தப் பத்திரிகை வாசித்த மாதிரி!

இது சுவைப்படவில்லை போலும். அடுத்த ஆண்டிலிருந்து விருந்து இரவு வரையில் பெயர்களை ரகசியமாக வைத்தார்கள். ரகசியம் என்று ஒன்று பிறந்ததும் நம்பிக்கையும் பிறந்தது. நம்பிக்கையின் பின்னாலேயே ஏமாற்றமும் வந்து சேர்ந்தது.

1934-இல் ஃபிராங்க் காப்ரா என்ற டைரக்டர், பரிசு தமக்குத்தான் என்று உறுதியாக எண்ணியிருந்தார். விழாவை நடத்திய வில் ரோஜர்ஸ், உறவுமுறையோடு "ஃபிராங்க்" என்று மட்டும் அழைத்து, வந்து வாங்கிக் கொள்ளச் சொன்னார். காப்ரா எழுந்து நடந்தார். விளக்கு வெளிச்சம் அவரைத் தேடி வரவில்லை. வேறொரு பக்கம் போயிற்று. பரிசு ஃபிராங்க் லாயிட் என்ற வேறொரு ஃபிராங்குக்கு! அத்தனை பேருக்கு நடுவில் காப்ரா தம் இடத்துக்குத் திரும்பி நடந்தாரே, அந்தத் தூரத்தை எந்த அளவுகோலால் அளப்பது? ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அடுத்த ஆண்டே அவருடைய 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' முக்கியமான ஐந்து பரிசுகளையும் வாரிக் கொண்டது. அதில் நடித்த க்ளாடெட் கோல்பெர்ட், தமக்குப் பரிசு கிடைக்காது என்று தமக்குத் தாமே ஆருடம் சொல்லிக் கொண்டு நியூயார்க்குக்கு ரயில் ஏறப் புறப்பட்டுவிட்டார்! ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்து, பிரயாண உடையிலேயே மேடையேற்றிப் பரிசைக் கொடுத்தார்கள்.

அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. பத்திரிகைகளுக்கு முடிவுகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். 1940-இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' இந்த ஒப்பந்தத்தை மீறி, மாலைப் பதிப்பிலேயே எல்லாவற்றையும் அச்சிட்டுவிட்டது. விருந்துக்கு வந்து கொண்டிருந்தவர்கள் தங்கள் தலைவிதியைப் பத்திரிகையில் படித்துவிட்டு உள்ளே நுழையும்படி ஆயிற்று. அடுத்த ஆண்டு முதல் ஒட்டிய உறை வந்தது. ஓட்டு எண்ணும் கணக்கர்களைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது என்றும் ஏற்பட்டது.

உறை வந்ததால் ஆருடம் நின்றதா? வளர்ந்தது! 1948-இல் ரோஸலிண்ட் ரஸ்ஸலுக்கே சிறந்த நடிகைப் பரிசு என்று ஹாலிவுட் முழுவதும் சாதித்தது. உறையைப் பிரித்தபோது லொரெட்டா யங் பெயர் இருந்தது. 2021-இல் விழாவை நடத்தியவர்களே ஏமாந்தார்கள். காலஞ்சென்ற சாட்விக் போஸ்மனுக்குப் பரிசு கிடைக்கும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. வழக்கத்தை மாற்றிச் சிறந்த நடிகர் பரிசைக் கடைசியில் வைத்தார்கள். பரிசோ, அங்கே வராமல் வேல்ஸ் நாட்டில் இருந்த ஆன்டனி ஹாப்கின்ஸுக்குப் போயிற்று.

ஆருடம் பலிப்பதும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நடிகர், டைரக்டர், தயாரிப்பாளர் சங்கங்கள் ஆஸ்காருக்கு முன்னால் தங்கள் பரிசுகளைக் கொடுக்கின்றன. அங்கே ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் இங்கும் ஓட்டுப் போடுகிறவர்கள். ஆகையால் கடைசி நேரத்தில் சொல்லுவது பெரும்பாலும் பலிக்கிறது. செப்டம்பரில் சொல்லுவதுதான் சாமர்த்தியம். 2008 செப்டம்பரில் 'ஸ்லம்டாக் மில்லியனேர்' டொராண்டோவில் ரசிகர் பரிசு பெற்றபோது, மறு பிப்ரவரியில் நம் ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்காருடன் மேடையில் நின்று தமிழில் இறைவனுக்கு நன்றி சொல்லுவார் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். "1940-இல் அந்தப் பத்திரிகை செய்ததுதான் அசல் ஆருடம், ஸார்! நூற்றுக்கு நூறு!" என்று குதூகலித்தார்.

"அந்த இரவைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது" என்றேன்.

'கான் வித் தி விண்ட்' படத்தில் அடிமைத் தாதியாக நடித்த ஹாட்டி மக்டானியலுக்கு அன்று சிறந்த துணை நடிகைப் பரிசு. கறுப்பினத்தவர் ஒருவருக்கு ஆஸ்கார் கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனால் விருந்து நடந்த அம்பாஸடர் ஹோட்டலில் கறுப்பர்களை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் ஸெல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக் கொண்டதன் பேரில் உள்ளே விட்டார்கள். படத்தின் மற்ற நட்சத்திரங்களோடு அல்ல. ஓரமாகச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த ஒரு சின்ன மேஜையில் அவருக்கு இடம். அங்கிருந்துதான் எழுந்து வந்தார். கண்ணீரோடு பரிசை வாங்கினார். அங்கேயேதான் திரும்பிப் போய் உட்கார்ந்தார். நடிப்புக்காக இன்னொரு கறுப்பினப் பெண்மணி ஆஸ்கார் பெற 1991 வரையில், ஐம்பத்தோரு வருஷம் செல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி வூப்பி கோல்ட்பெர்க். ஹாட்டி மக்டானியல் 1952-லேயே காலமாகிவிட்டார்.

அன்று மாலை பத்திரிகை வாங்கியவர்களுக்கெல்லாம் அவர் ஜயித்தது தெரியும். தெரிந்தும் அந்த மேஜையை யாரும் நகர்த்தவில்லை.

நண்பர் காபியை ஆறவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஜாபிதாவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு புறப்பட்டார். வருகிற செப்டம்பரில் மறுபடியும் வருவார். நானும் காபி கொடுத்துக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் பரிசு யாருக்கு என்று அவர் சொல்லி முடித்ததும், அவர்களை எந்த மேஜையில் உட்கார வைப்பார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பேன்.