தமிழ்க் கல்வெட்டுப் பதிப்பு

தமிழ்நாட்டுக் கோயில்களிலும் பாறைகளிலும் பொறிக்கப்பட்ட ஆவணங்களைப் படியெடுத்து, வாசித்து, நூலாக்கி எல்லோருக்கும் எட்டச் செய்யும் பணி. அரசுப் பணியாக இது முறைப்படத் தொடங்கிய ஆண்டு 1886. ஆயினும் கல்வெட்டைப் படியெடுத்துக் காக்கும் வழக்கம் சோழர் காலத்திலேயே இருந்தது. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் ஏற்றப்பட்டன. இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இந்தச் செய்தியும் அங்கேயே ஒரு கல்வெட்டாக இருக்கிறது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எழுத்தின் வடிவம் மாறியதால் சுவரில் உள்ளதைப் படிப்போர் அருகினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி தம் உதவியாளர்களைக் கொண்டு பல கல்வெட்டுகளைக் கையால் படியெடுக்கச் செய்தார். 1886இல் ஜேம்ஸ் பர்ஜெஸ், ச. ம. நடேச சாஸ்திரி இருவரும் தமிழ், வடமொழிக் கல்வெட்டுத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர்.

அதே ஆண்டு சென்னை அரசு, ஜெர்மானியரான ஒய்கன் ஹூல்ஷைக் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தியது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. மாமல்லபுரமும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அதில் இடம்பெற்றன. பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வந்து, கால் நூற்றாண்டு கழித்தே நிறைவுற்றது. இதற்கு முன் கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்ற தலபுராணச் செய்தியே பரவலாக நம்பப்பட்டது. முதலாம் இராசராசன் என்பதைக் கல்வெட்டுகள் உறுதிசெய்தன. கண்டறிந்த சிறப்பை ஹூல்ஷுக்கே உரியதாகக் கூறுவது மரபு. களத்தில் நின்று படியெடுத்து வாசித்த உள்ளூர் அறிஞர்களுக்கும் அதில் பங்குண்டு என்பாரும் உளர்.

படியெடுக்கும் முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, எழுத்துப் பள்ளங்களில் தாள் படியும்வரை தூரிகையால் அடிப்பர். பிறகு மை தோய்ந்த பொதியால் மேலே ஒற்றுவர். பள்ளத்தில் மை படாததால் கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். இதுவே மைப்படி. கையால் பார்த்தெழுதிய படியில் எழுதியவரின் ஊகமும் கலந்துவிடும். மைப்படியிலோ கல் சிதைந்த இடம் சிதைந்தபடியே விழும்.

இரண்டாம் தொகுதியின் 66ஆம் கல்வெட்டு தனியே குறிப்பிடத்தக்கது. பெரிய கோயிலுக்குப் பணிசெய்ய வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் முன்பு இருந்த ஊரும் கோயிலும், தஞ்சையில் எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் அதில் உண்டு. ஒருத்திக்குப் பங்கு ஒன்று; பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அரசன் பெயரும் போர் வெற்றியும் எந்நாட்டுக் கல்வெட்டிலும் கிடைக்கும். இவ்வளவு எளியவர்களை இவ்வளவு துல்லியமாகப் பதிந்த ஆவணம் அரிது. இதைத் தமிழ் மூலத்துடன் முழுமையாக அச்சேற்றியது அத்தொகுதியின் பெருங்கொடை.

ஹூல்ஷ் 1903இல் ஜெர்மனி திரும்பியபின் வி. வெங்கையா பொறுப்பேற்றார். குடவோலைத் தேர்தல் பற்றிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டவர் அவர். ஊராட்சி வரலாறு எழுதியோர் பலரும் அந்தக் கட்டுரையைச் சார்ந்தே எழுதினர். 1912இல் அவர் மறைந்தார். அடுத்து வந்த எச். கிருஷ்ண சாஸ்திரி காலத்தில், நான்காம் தொகுதி முதல், மொழிபெயர்ப்பின்றி மூலபாடம் மட்டுமே அச்சாயிற்று.

அப்போதும் படியெடுக்கும் வேகத்துக்குப் பதிப்பு ஈடுகொடுக்கவில்லை. 1887 முதல் வந்த ஆண்டறிக்கைகள் ஊர், அரசன், ஆட்சியாண்டு, ஓரிரு வரிச் சுருக்கம் ஆகியவற்றையே ஆங்கிலத்தில் தந்தன. 1903–04இல் படியெடுத்தவற்றின் முழுப்பாடம் பதினேழாம் தொகுதியாக 1964இல்தான் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் ஆய்வாளர் சுருக்கத்தை நம்பியே எழுத வேண்டியிருந்தது. சிதைந்த சுவர்களைப் பொறுத்தவரை இது பேரிழப்பு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் தன் 1,130 கல்வெட்டுகளின் மூலபாடங்களை அரசமரபு வாரியாக ஒரே நூலில் கொண்டுவந்தது. சிறிய சமஸ்தானம் ஒன்று செய்த இப்பணி மிகவும் பாராட்டத்தக்கது.

உதகையில் நெடுங்காலம் இருந்த கல்வெட்டு அலுவலகம் 1966இல் மைசூருக்கு மாறியது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1961இல் தோன்றி, மாவட்ட வாரியாகத் தமிழில் தொகுதிகள் வெளியிட்டது. எ. சுப்பராயலுவின் ‘தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி’ (2002–03) அச்சான பாடங்களைப் பொது வாசகரும் படிக்க வழிசெய்தது.

படியெடுத்த தமிழ்க் கல்வெட்டுகள் மொத்தம் எத்தனை, அவற்றில் எத்தனை அச்சேறாதவை என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. ஒரே கோயிலின் துண்டுக் கல்வெட்டுகளை எவ்வாறு எண்ணுவது என்பதும் இதற்கு ஒரு காரணம். மைசூரிலுள்ள தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பழைய தொகுதிகள் பல இப்போது இணைய நூலகங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.