பள்ளிக்கரணையின் வெற்றுக் கட்டங்கள்: செயற்கைக்கோள்வழி ஆவியிழப்புக் கணிப்பின் வரலாறு

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர் நன்மங்கலத்துக்கு இறங்கும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, மிகுநீர் ஒக்கியம் மடுவில் வெளியேறும். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள இந்த ஏரிச் சங்கிலியில் பெய்யும் மழையையும் ஓடும் நீரையும் அளந்துவிடலாம். கோடையில் வானத்துக்குப் போகும் நீரை அளப்பதுதான் கடினம். திறந்த நீர்ப்பரப்பில் ஆவியாவதும் கோரையும் சம்பும் இலைவழியே விடுவதும் சேர்ந்ததே இந்த ஆவியிழப்பு. இதைக் கணிக்கும் அறிவியல் முக்கால் நூற்றாண்டாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அது வயலையும் காட்டையும் மனத்தில் வைத்தே வளர்ந்தது. ஏரியும் குடியிருப்பும் பின்னிக் கிடக்கும் தென்சென்னைப் புறநகர் போன்ற நிலம் அதன் ஓரத்தில் நின்றுவிட்டது.

1948இல் பென்மன் வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை ஒரே சமன்பாட்டில் இணைத்தார். 1965இல் மான்டீத் இலைத்துளைகளின் தடையை அதில் சேர்த்தார். வானிலை நிலையத்தின் ஆவியாதல் தொட்டியைப் போலவே, வானிலைப் பதிவை மட்டும் கொண்டு போடும் கணக்கும் காற்று எவ்வளவு நீரைக் கேட்கிறது என்பதையே சொல்லும். மண்ணிடம் கொடுக்க நீர் இருந்ததா என்பதற்கு அதில் விடையில்லை. அந்த விடையைத் தந்தது தரையின் வெப்பநிலை. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 24.5 லட்சம் ஜூல் ஆற்றல் செலவாகிறது. ஆகவே நீரை விடும் நிலம் குளிர்ந்திருக்கும். 1998இல் பாஸ்டியான்சன் குழுவினர் வெளியிட்ட செபால் முறை, செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் மிகக் குளிர்ந்த ஈர இடத்தையும் மிகச் சூடான வறண்ட இடத்தையும் இரு முனைகளாக்கி, இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டது. 1988இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் வெப்ப உணரி இல்லை. எனவே இவ்வளவு சிறிய நிலப்பரப்பின் வெப்பத்துக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களே நீண்டகாலத் துணை. அவற்றின் வெப்பப் படத்தில் ஒரு கட்டத்தின் பக்க அளவு 1982இல் 120 மீட்டர், 1999இல் 60, 2013இல் 100.

மோடிஸ் என்ற செயற்கைக்கோள் உணரியின் தரவைக் கொண்டு உலகம் முழுவதற்கும் கணிக்கப்படும் ஆவியிழப்புத் தொகுப்பு 500 மீட்டர் கட்டங்களில் வருகிறது. நிலையான சதுப்பு, நீர்நிலை, நகரம் என்று வகைப்பட்ட கட்டங்களில் அது மதிப்பே தருவதில்லை; குறியீட்டு எண்ணை இட்டு நகர்ந்துவிடுகிறது. பள்ளிக்கரணை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. அத்தகைய நிலம் இந்த வரைபடத்தில் வெற்றிடமாவதைச் சிறு குறையாகக் கொள்ள முடியாது. பசுமைக் குறியீட்டைக் கொண்டு வெப்பப் படத்தைக் கூர்மைப்படுத்தலாமே என்று கேட்கலாம். வயலில் அது பலிக்கும். இங்கே திறந்த நீருக்கும் சிமென்ட் கூரைக்கும் பசுமை ஒருங்கே குறைவு. ஒன்று மிக அதிகமாக ஆவியை விடுகிறது, மற்றது ஏறக்குறைய எதையும் விடுவதில்லை. பசுமையை நம்பிக் கூர்மையாக்கினால், எதைப் பிரித்தறிய முனைந்தோமோ அதையே குழப்பிவிடுவோம்.

இன்னொரு சிக்கல் நேரம் சார்ந்தது. லேண்ட்சாட் காலை பத்து மணியளவில் கடக்கிறது. அந்த நொடியில் ஆவியாதலுக்குச் செலவாகும் ஆற்றலின் பங்கு நாள் முழுதும் மாறாது என்று கொண்டே அன்றைய மொத்தத்தைக் கணக்கிடுவது வழக்கம். வங்கக் கடற்கரையில் இந்த அனுமானம் தளர்கிறது: கடற்காற்று நுழைந்ததும் காற்றின் ஈரமும் வெப்பமும் வேகமும் ஒருசேர மாறுகின்றன. ஏரி நீரோ காலை வெயிலைத் தனக்குள் சேமித்து இரவிலும் ஆவியாக விடுகிறது; சேமிப்பைக் கழிக்காத கணக்கு காலை ஆவியாதலை மிகைப்படுத்தும்.

வடகிழக்குப் பருவ மேகத்தில் படமே கிடைக்காது என்ற மறுப்பு இவற்றைவிடப் பலவீனமானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரிகள் நிரம்பும் காலம். பிப்ரவரி முதல் மே வரையே இழப்பு கனக்கும், அப்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இஸ்ரோவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் உருவாக்கும் த்ரிஷ்ணா செயற்கைக்கோள் ஏறக்குறைய 60 மீட்டர் வெப்பக் கட்டத்துடன், நண்பகலை ஒட்டிக் கடக்கும்படி திட்டமிடப்பட்டுள்ளது. அதன் எண்களைச் சரிபார்க்கச் சதுப்பின் நடுவே ஆவிப்பாய்வை அளக்கும் கோபுரம் ஒன்றும், செம்பாக்கம் முதல் நாராயணபுரம் வரை ஒவ்வோர் ஏரியிலும் அன்றாடம் குறிக்கப்படும் நீர்மட்ட அளவுகோலும் வேண்டும்.