தோட்டத்துத் துயரின் சரித்திரம்

சிவனொளிபாத மலைக்கு எரத்ன வழியாக ஏறும் யாத்திரிகர் கடந்து செல்லும் குருவிட்டப் பகுதியிலும் அதைச் சூழ்ந்த சப்பிரகமுவத் தோட்டங்களிலும், லயத்துத் தொழிலாளர் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தால், 'குடும்பத் தகராறு' என்றோ 'தீராத நோய்' என்றோ பதிவேட்டில் ஒரு காரணம் எழுதப்பட்டு விஷயம் முடிந்துவிடுகிறது. எழுதப்படுவது கடைசி நாளின் காரணம். அதற்கு முன்சென்ற தலைமுறைகளின் காரணத்தைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

அச்சரித்திரம் கடனோடு தொடங்கிற்று. கங்காணிமார் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த குடும்பங்கள் வழிச்செலவையே கடனாகச் சுமந்து வந்தன. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டம் புக இயலாதிருந்த நிர்ப்பந்தம் 1921 இல் சட்டத்தால் நீங்கிய பின்னரும், கடன் நீங்கவில்லை. மழை மிகுந்த இப்பிரதேசத்தில், விடியலில் மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளில் பேர் என்னும் நாட்கூலிக் கணக்கு விழாது. அரைப் பேரோடு திரும்பியவரின் அடுப்பு கடைக்காரர் பற்றுவரவை நம்பியே எரிந்தது. மலையிலும் காம்பறாவிலுமாக இரட்டிப்பு வேலை செய்த பெண்ணுக்கோ, 1984 வரை ஆணுக்கு நிகரான நாட்கூலியும் இல்லை.

சமுதாயத்தோடு மனிதனைப் பிணைக்கும் பந்தம் தளரும்போது தற்கொலை பெருகுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1897 இல் எழுதினார். இம்மக்களின் பந்தங்களையோ அரசுகளே அறுத்தன: 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உறவுகளைக் கடலின் இரு கரைகளுக்கும் பங்கிட்டது, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் வன்செயலுக்கு இரையாயின.

எனினும் இத்துயர் விதியன்று என்பதற்கு இலங்கையே சாட்சி. 1995 அளவில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றை எட்டியிருந்த தற்கொலை விகிதம், அதிகொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின் பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதியாயிற்று; தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998 இல் நீக்கப்பட்டது. நஞ்சை அகற்றிய அரசு, கடனையும் காணியின்மையையும் ஒற்றைக் காம்பறா வாழ்வையும் அகற்றக் கடமைப்பட்டிருக்கிறது. அதுவரை, மனம் தளர்ந்த அயலாரைத் தனித்திருக்க விடாதிருப்பது நம் கடமை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு லயத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.