தேவசகாயம் உற்ற எதிர்ப்பு: ஓர் ஆய்வு

கொண்ட சமயத்தின்பொருட்டு இடுக்கண் உற்றோர் வரலாறுகளை ஆராய்வார்க்கு ஓரிடர் உண்டு. பத்தியுடையார் அவற்றை அற்புதங்களால் நிரப்பிவிடுவர். மாறுபட்டார் அவற்றை அரசியற் குற்றம் என்று கூறி அமைவர். திருவிதாங்கூரில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேவசகாயத்தின் வரலாறும் இவ்விரு கூற்றுகட்கும் இடையே கிடக்கின்றது. அவர் உற்ற எதிர்ப்பின் இயல்பினை ஈண்டு ஆராய்வாம்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை, மார்த்தாண்டவர்ம மன்னனின் அரண்மனைப் பணியில் அமர்ந்தவர். 1741இல் நிகழ்ந்த குளச்சற் போரின் விளைவாக ஒல்லாந்தர் படைத்தலைவராகிய டிலனாய் மன்னன் கைப்பட்டுப் பின்னர் அவன் படைகளையே பயிற்றுவிப்பவரானார். பொருளிழப்பால் வருந்திய நீலகண்டர்க்கு அவர் விவிலியத்து யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட புத்தாரி அடிகளிடம் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். அன்று அவர்க்கிட்ட பெயர் இலாசர் என்பது. 'இறைவன் துணை' எனப் பொருள்படும் எபிரேயப் பெயரினின்று வந்த அச்சொல்லை ஒலிபெயர்க்காது மொழிபெயர்த்தமையால் தேவசகாயம் என்னும் பெயர் தோன்றிற்று. அவர்தம் மனைவியாரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என அழைக்கப்பெற்றார்.

1749இல் தேவசகாயம் சிறைப்பட்டார். அடியுண்டும், எருமைமீது ஏற்றப்பெற்று ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டும் ஏறத்தாழ மூன்றாண்டு துன்புற்றார் என்பர். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடல் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது.

இனி, இத்தண்டம் சமயம் பற்றியதா, அரசத் துரோகம் பற்றியதா என்பது வினா. மன்னன் கிறித்தவத்தையே பகைத்தான் எனல் பொருந்தாது. கிறித்தவராகிய டிலனாய் 1777இல் இறக்குந்துணையும் திருவிதாங்கூர்ப் படையிற் சிறப்புற்றிருந்தார். வெறும் அரசத் துரோகமே காரணம் எனலும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. தன் ஆட்சிக்கு மாறாய எட்டுவீட்டிற் பிள்ளைமாரை வேரறுத்த மன்னன், துரோகி ஒருவனை மூன்றாண்டு உயிரோடு வைத்திருந்தமைக்குக் காரணம் காணல் அரிது. அவர் மனம் மாறி மீளுதலை எதிர்பார்த்தே காலம் நீட்டிக்கப்பட்டது என ஊகித்தற்கு இடமுண்டு.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. தேவசகாயம் சிறையிலிருந்த காலத்தில், 1750ஆம் ஆண்டு சனவரியில், மன்னன் தன் நாடு முழுவதையும் பத்மநாபப் பெருமானுக்கு ஒப்படைத்துத் தன்னைப் பத்மநாபதாசன் எனக் கூறிக்கொண்டான். இது திருப்படித்தானம் எனப்படும். நாடே கோயிலுடைமையாகக் கருதப்பட்ட அரசில், அரசப்பணியும் இறைப்பணியும் வேறல்ல. அயல்நாட்டவராகிய டிலனாயிடத்து எதிர்பாராத வழிபாட்டு ஒழுக்கத்தை உள்நாட்டு உயர்குடியில் தோன்றிய அலுவலரிடத்து அவ்வரசு எதிர்பார்த்தது. அதனைக் கைவிடுதல் குலத்தையும் அரசையும் ஒருங்கே கைவிடுதலாகக் கொள்ளப்பட்டது போலும். ஆகவே சமயமா, துரோகமா எனப் பிரித்து வினாவுதல் அக்காலத்து அரசியல்பினை நோக்காத வினாவாம்.

இந்நிலையில் தேவசகாயத்தின் உறுதி யாதென்பது தெளிவாகும். அவர் படையெடுத்தாரல்லர், மன்னனை மாற்ற முயன்றாரல்லர். பழைய பெயர்க்கும் பதவிக்கும் மீளமாட்டேன் என்ற ஒன்றே அவர் செய்தது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றபோது, 'பிள்ளை' என்னும் குலப்பட்டம் நீக்கப்பெற்றுத் தேவசகாயம் என்ற பெயரே நின்றது. தாம் இறுதிவரை விடாது பற்றிய பெயராலேயே அவர் இன்று அறியப்படுகின்றார் என்க.