பரணில் கிடக்கும் ஒரே காப்பி

வரலாறு என்றதும் ராஜா, தளபதி, கோட்டை கொத்தளம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை மக்களே. முதல் உலகப் போரில் (1914-1918) ஜெர்மனிக்காகச் சண்டை போட்ட சாதாரண சிப்பாயின் கையடக்கப் புத்தகம் ஒன்றைப் பற்றியது. 'மிலிட்டேர்பாஸ்' என்று பெயர். எப்போது படையில் சேர்ந்தார், எந்த ரெஜிமெண்ட், என்ன பயிற்சி, எந்தெந்தச் சண்டை, எங்கே காயம், என்ன பதக்கம், நடத்தை எப்படி, எல்லாம் அதில் இருக்கும். சர்வீஸ் ரெக்கார்டுன்னு வச்சுக்குங்களேன்.

'அரசாங்கத்துல இன்னொரு காப்பி இருக்குமே, அங்க போய் பாத்தா ஆச்சு' என்று தோன்றும். அங்கேதான் சிக்கலே. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் போட்ஸ்டாம் நகரில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டுகளில் அவற்றில் பெரும்பகுதி எரிந்து போனது. பவேரியாவின் ஆவணங்கள் தனியாக ம்யூனிக்கில் இருந்ததால் தப்பித்தன. ஆக, தாத்தா பவேரியாக்காரர் என்றால் ம்யூனிக்கில் தேடலாம். பிரஷ்யாக்காரர் என்றால் பல குடும்பங்களுக்குப் பரணில் கிடக்கிற இந்தப் புத்தகம்தான் மிச்சம். பேக்கப் இல்லாத ஒரே காப்பி. நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா என்ன :-)

சரி, எடுத்துப் படிக்க வேண்டியதுதானே? பேரப்பிள்ளைகளுக்கே படிக்க வராது! தலைப்புகள் ஃப்ராக்டூர் என்ற பழைய அச்செழுத்தில் இருக்கும். அது ரெண்டு நாளில் பழகிவிடும். ஆனால் குமாஸ்தா பேனாவால் எழுதியது 'குர்ரெண்ட்' என்ற கையெழுத்து முறை. அதில் 'ஈ' எழுத்து பார்க்க 'என்' மாதிரி இருக்கும். 'என்'னுக்கும் 'யு'வுக்கும் வித்தியாசம் தலைக்கு மேல் போடுகிற ஒரு சின்ன வளைவு மட்டும்தான். 'எஸ்'ஸுக்கு ரெண்டு வடிவம் வேறு. ஒரு காலத்தில் திஸ்கி பக்கத்தை யூனிகோடில் திறந்தால் குப்பையா கொட்டுமே, அதே கதைதான்.

இந்த எழுத்து தானாக வழக்கொழியவில்லை. ஹிட்லரின் உத்தரவுப்படி மார்ட்டின் போர்மன் 1941 ஜனவரி 3 அன்று விட்ட சுற்றறிக்கை, ஃப்ராக்டூரை யூத எழுத்து என்று முத்திரை குத்தி ஒதுக்கியது. சுத்தப் பொய். அதே வருடம் பள்ளிகளில் பழைய கையெழுத்தையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்பா எழுதிய கடிதமே கிறுக்கல்!

ஆனால் உடைக்க வழி இருக்கிறது. தெரிந்ததில் இருந்து தெரியாததுக்குப் போக வேண்டும். புத்தகம் முழுக்கத் தேதிகள் இருக்கும். ஒரே குமாஸ்தா எழுதிய 'ஆகஸ்ட்', 'செப்டம்பர்' போன்ற மாதப் பெயர்களை எடுத்து, அவர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று ஒரு அட்டவணை போடுங்கள். அதை வைத்து அடுத்த சொல். குமாஸ்தா மாறினால் அட்டவணையும் மாறும்.

அடுத்த தலைவலி சுருக்கங்கள். காயத்துக்குப் பக்கத்தில் 'ஆ. கே.' என்றிருந்தால் பீரங்கிக் குண்டு, 'ஈ. கே.' என்றால் துப்பாக்கிக் குண்டு. மருத்துவப் பரிசோதனையில் 'கா. ஃபௌ.' என்றால் போர்முனைக்குத் தகுதியானவர். 'கே. ஃபௌ.' என்றால் முகாம் வேலைக்கு மட்டும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். காயம் ஆறி வந்தவருக்கு அது உயிர் பிரச்சனை.

ரெஜிமெண்ட் எண் தெரிந்துவிட்டால் பாதிக்கிணறு தாண்டின மாதிரி. 1920களில் பல ரெஜிமெண்டுகளின் வரலாறு புத்தகமாகவே வந்திருக்கிறது. எந்தத் தேதியில் எங்கே இருந்தார்கள் என்று பார்த்துவிடலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. 1916இல் ரெஜிமெண்ட் வெர்டூனில் இருந்த மாதங்களில் நம்ம ஆள் லாசரெட்டில், அதாவது ராணுவ மருத்துவமனையில், படுத்திருக்கலாம். 'தாத்தா வெர்டூன்ல சண்டை போட்டார்' என்ற குடும்பக் கதை அந்த ஒத்தை வரியில் உடைந்துவிடும். நேர்மாறாகவும் நடக்கும். போரைப் பற்றி வாயே திறக்காமல் செத்துப்போன மனுஷன் சோம் போரில் இருந்தார் என்று இப்போது தெரியவரும்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. போர்க்காலத்தில் அரசே அச்சிட்ட இழப்புப் பட்டியல்களை ஜெர்மன் தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றி, பெயரை வைத்துத் தேடும்படி செய்திருக்கிறார்கள். 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். சம்பளம் வாங்காமல் செய்த டேட்டா என்ட்ரி!

இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தால் என்ன கிடைக்கும்? 'ஷ்டெல்லுங்ஸ்கெம்ப்ஃபெ' என்று ஒரே சொல் இருக்கும். பதுங்குகுழிச் சண்டைகள் என்று அர்த்தம். மாதக்கணக்கான சேறு, எலி, பக்கத்தில் செத்துக் கிடந்தவன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அவர் யாரைக் கொன்றார், பயந்தாரா, அழுதாரா, எதுவும் இருக்காது. 'நடத்தை: நன்று. தண்டனை: இல்லை.' அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்த ஆள் அங்கே இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. இந்த மாதிரிப் புத்தகங்கள் பழைய சாமான் சந்தைக்கும் வருகின்றன. அங்கே போய்விட்டால் பெயர் மட்டும் மிஞ்சும், குடும்பத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். அதனால் ஜெர்மன் நண்பர் யாராவது 'எங்க வீட்ல ஒரு பழைய புக்கு கெடக்கு, ஒண்ணும் புரியல' என்று சொன்னால், முதலில் அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. படிக்கிறது அப்புறம்.