கெஜக்கோலும் மிதிமெஷினும்: சிங்கையில் நம் துணியும் தையலும்

மலாய் அண்டைவீட்டார் ஜும்ஆவுக்குக் கட்டிவரும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் ‘காய்ன் பெலிக்காட்’ என்று பெயர். காய்ன் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். சென்னைக்கு வடக்கே உள்ள அந்தத் துறையை ஐரோப்பியர் ‘புலிக்கட்’ என்று எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்ததே சோழமண்டலக் கரையின் துணிக்காகத்தான். அந்தத் துணியைக் கொண்டுபோய்த்தான் கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள்.

ஆக, நம் முன்னோர் சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு முன்பே நம் துணி இந்த வட்டாரத்துக்கு வந்து, பெயரும் வாங்கிவிட்டது. நம் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பள்ளிவாசலில் தொடங்குவார்கள். சௌத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் சூலியா பள்ளி, தெலுக் ஆயரில் 1827இல் குச்சுப் பள்ளி, அதன் பக்கத்திலேயே 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா. அப்படி எழுதுவதுதான் முறை. ஆனால் நான் துணிக்கடைக்காரன். எனக்குத் தெரிந்த சரக்கிலிருந்து தொடங்குகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது ஆற்றங்கரையில் ‘சூலியா கம்பம்’ என்று நம்மவர்களுக்குத் தனியிடம் குறிக்கப்பட்டது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் என்று கரையோர ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர்களும் உள்நாட்டு ராவுத்தர்களும் படகோட்டினார்கள், மாடு விற்றார்கள், பணம் மாற்றினார்கள், மூட்டை தூக்கினார்கள். துணி எல்லாக் காலத்திலும் கூடவே இருந்தது. பிறகு கம்போங் கிளாமில் அராப் ஸ்திரீட் துணிக்குப் பேர்போன தெருவானது. அரபுகள், ஜாவாக்காரர்கள், குஜராத்திகளோடு நம்மவர்களும் அங்கே கடை பிடித்தார்கள். தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் சேலை, வேட்டி வியாபாரம் நடந்தது. அதில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். பி. கோவிந்தசாமி பிள்ளையின் கடையில் பெருநாளுக்குச் சேலை எடுத்த நம் குடும்பங்கள் ஏராளம்.

அந்தக் காலக் கடையில் மூன்று சாமான்கள் இருக்கும்: கெஜக்கோல், பெரிய கத்திரி, கணக்குப் புத்தகம். 36 அங்குலம் ஒரு கெஜம். மலாய் வாடிக்கையாளருக்கு அதுவே ‘ஏலா’. 1970களில் அரசாங்கம் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த பிறகு கெஜக்கோல் மீட்டர்கோலானது. ஆனால் வாய் மாறவில்லை. வயதான அம்மாமார்கள் இன்றும் கெஜத்தில் கேட்கிறார்கள். நாங்களும் மனசுக்குள் கணக்குப் போட்டு மீட்டரில் வெட்டிக் கொடுக்கிறோம்.

துணிக்கடைக்கு வெளியே, ஐந்தடிப் பாதையில், ஒரு மிதிமெஷின் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் துணியை வெட்டுவார், வாடிக்கையாளர் இரண்டடி நடந்து அதைத் தையற்காரரிடம் கொடுப்பார். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பிழைப்பில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஆண்டுமலர்களில் கடைக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. ஐந்தடிப் பாதையில் குனிந்து உட்கார்ந்திருந்தவர் எதிலும் இல்லை.

பிரிட்டிஷ் படைத்தளங்கள் இருந்த காலம் தையற்காரர்களுக்கு நல்ல காலம். சாங்கி, செம்பவாங், சிலேத்தார் பக்கத்துச் சிப்பாய்கள் ஊர் திரும்புமுன் கோட்டும் சூட்டும் தைத்துக்கொள்வார்கள். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகள் சேஞ் அலியில் நுழைவார்கள். குடை பிடித்தால் இடிக்கும் அளவு குறுகலான அந்தச் சந்தில் நம்மவர்கள் பணமும் மாற்றினார்கள், துணியும் விற்றார்கள். காலையில் அளவெடுத்து மறுநாள் கப்பல் கிளம்புமுன் சட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். 1971 அக்டோபர் கடைசியோடு படைகள் கிளம்பின. நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது என்பார்கள். தையற்காரரைப் பொறுத்தவரை முழுப் பங்கும் அதுதான். பழைய சேஞ் அலியும் 1989இல் மூடப்பட்டது.

இனித் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இளையவர்களுக்குத் தெரியாது என்பதால். தையற்கடையில் சேரும் பையனுக்கு முதலில் ஊசிதான் கிடைக்கும். பட்டன் வைப்பான், காஜா எடுப்பான், எம்மிங் மடிப்பான். பிறகு மெஷினில் நேர்த்தையல். அதற்கும் பிறகு காலர், கை, பாக்கெட். கத்திரி மட்டும் கடைசிவரை மாஸ்டர் கையில். தைத்ததில் பிசகு வந்தால் பிரிக்கலாம், வெட்டியதில் பிசகு வந்தால் துணிக்காசு போய்விடும். கத்திரியைக் கொடுத்துவிட்டால் பையன் எதிர்த்த கடையில் மாஸ்டர் ஆகிவிடுவான் என்ற பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். இப்படித்தான் பல மாஸ்டர்களின் வித்தை அவர்களோடு கபுருக்குள் போனது.

சிங்கப்பூர்த் தையற்காரருக்கு ஊர்த் தையற்காரரைவிடக் கூடுதலாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காலையில் சேலை ரவிக்கை, மாலையில் பாஜு கூரோங். இரண்டும் இரண்டு உலகம். ரவிக்கை உடலோடு ஒட்ட வேண்டும். நெஞ்சளவு, இடுப்பு, தோள், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று கணக்கெடுத்து, டாட் பிடித்து, கிராஸ் கட் என்றால் துணியைக் குறுக்காகப் போட்டு வெட்ட வேண்டும். ஒரு மீட்டருக்கும் குறைவான துணியில் முழு வித்தையும் அடங்கிவிடும். பாஜு கூரோங் உடலைத் தொடாமல் விழ வேண்டும். 45 அங்குல அகலத் துணியில் சுமார் நான்கு மீட்டர் பிடிக்கும். துண்டுகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் வெட்டுபவை. பக்கத்தில் ‘பெசா’ என்ற சரிவுத்துண்டு, கக்கத்தில் ‘கெக்கெக்’ என்ற சின்னச் சதுரம். அந்தச் சதுரம் சரியாக உட்காராவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே வரும். தெலுக் பிளாங்கா பாணிக் கழுத்தின் ஓரத்தைக் கையால் தைப்பதற்கு ‘துலாங் பெலுட்’, அதாவது விலாங்கு மீனின் முள், என்று பெயர். தெலுக் பிளாங்கா நம் தீவில் உள்ள இடம். ஜொகூர் சுல்தான் அபூபக்கர் காலத்தில் அந்தப் பாணி எழுந்தது என்பது மலாய்க்காரர்களின் வழக்கு. கோரமண்டலக் கரையிலிருந்து வந்த ஒருவர் விலாங்கு முள் தைத்து மலாய்ப் பெருநாளுக்குக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரும் மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்தும் சேர்ந்து முன்மொழிந்த கெபாயாவை யுனெஸ்கோ தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அதைத் தைத்த கைகளில் நம் கைகளும் இருந்தன.

பெண்களின் கதை வேறு. கரையோர ஊர்களிலிருந்து வந்த ஆண்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ரஜுலா கப்பலில் போய்ப் போய் வந்தார்கள். தென்காசி, கடையநல்லூர் மக்கள் அப்படியல்ல, குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களில் பலர் தறியில் பிறந்தவர்கள். நெசவு நொடித்ததும் பஞ்சமும் அவர்களைக் கப்பலேற்றின. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஆண்கள் துறைமுக வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1946இல் எழுந்ததும் அந்தச் சமூகத்தின் உழைப்பில்தான்.

அம்மிக்கு அடுத்து வீட்டுக்குள் வந்தது தையல் மெஷின். சிங்கர் கம்பெனி 19ஆம் நூற்றாண்டிலேயே தவணையில் விற்கத் தொடங்கிய கம்பெனி. மொத்தப் பணம் இல்லாத வீட்டிலும் மெஷின் நுழைய அதுதான் வழி செய்தது. என் பாட்டியார் வீட்டிலும் ஒன்று இருந்தது. பகலில் அது மூடி போட்ட மேசை. அதன்மேல் பிள்ளைகள் பள்ளிப்பாடம் எழுதுவார்கள். இஷாவுக்குப் பிறகு மூடியைக் கழற்றுவார். அக்கம்பக்கத்து ரவிக்கை, பள்ளிச் சீருடை, தலையணை உறை, பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் மலாய் அண்டைவீட்டார் கொடுத்த பாஜு கூரோங். வருமானம் எவ்வளவு என்று தாத்தாவுக்கே தெரியாது. பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணம் தெரிந்த தேதியில் கட்டப்பட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மக்கள் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. அதன்பின் சமூக மன்றங்களில் தையல் வகுப்பும் சமையல் வகுப்பும் பரவின. தனியாக வெளியே போய்ப் பழகாத நம் பெண்கள் பலருக்கு அந்த வகுப்புதான் முதல் வெளியுலகம். சீனப் பெண்ணும் மலாய்ப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே மேசையில் பழுப்புக் காகிதத்தில் பேட்டர்ன் வரைந்தார்கள். பொது மொழி பேச்சு மலாய், மிச்சம் கைஜாடை. கற்றவர்களில் சிலர் பிறகு கற்றுக்கொடுத்தார்கள், வீட்டுக் கூடத்திலேயே நான்கைந்து பெண்களை வைத்து. இன்னும் சிலர் 1970களில் பெருகிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அங்கே முழுச் சட்டை தைக்கத் தெரிய வேண்டியதில்லை. நாள் முழுவதும் ஒரே காலர்.

அந்தத் தொழிற்சாலைகளே பிறகு கூலி குறைந்த நாடுகளுக்குப் போய்விட்டன. ஆயத்த ஆடை எங்கும் மலிந்தது. முஸ்தஃபா கூட 1971இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை விற்ற சிறிய கடையாகத்தான் தொடங்கியது. 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டபின் பழைய கடைவீடுகளின் வாடகை சந்தை விலைக்கு ஏறியது. ஐந்தடிப் பாதைத் தையற்காரர் அநேகமாக மறைந்தார். தேக்கா நிலையத்தின் மாடியில் மட்டும் இன்றும் வரிசையாகத் துணிக்கடையும் தையற்கடையும் இருக்கின்றன. தீபாவளிக்கு முன்பும் நோன்பிலும் அங்கே போய்ப் பாருங்கள், ‘ஆர்டர் முடிந்தது’ என்று கைவிரிப்பார்கள். 2020இல் நோய்ப் பரவலை முறியடிக்க ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கடைகள் மூடியபோது, மே 24இல் வந்த நோன்புப் பெருநாள் அந்த அடைப்புக்குள் விழுந்தது. வருடத்தின் பாதி வருமானத்தைத் தரும் பருவம் அப்படியே போனது. வாங்கி அடுக்கிய துணிக்கட்டுகள் அடுத்த பெருநாள்வரை எங்கள் அலமாரியில் கிடந்தன.

இன்றைய நிலை என்னவென்றால், துணி இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, தைக்கக் கை இல்லை. கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “தைக்க யாரிடம் கொடுப்பது?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் கட்டைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான். வேலை அனுமதி விதிகளால் ஊரிலிருந்து டெய்லரை அழைத்து வருவது எளிதல்ல. எங்கள் தகப்பன்மார் எங்களை மெஷின் பக்கம் அண்டவிடவில்லை. “படி, குனிஞ்சு உட்கார்ற வேலை உனக்கு வேண்டாம்” என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு, முதுகுவலி அவர்களுடையது. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு நாங்கள் இப்போது விலை கொடுக்கிறோம்.

நம்பிக்கை தருவது நம் பெண்பிள்ளைகள்தான். டெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் லாசால் கலைக் கல்லூரியிலும் ஆடை வடிவமைப்பு படித்துவிட்டு, வாடிக்கையாளரின் அளவுக்கே வடிவமைத்துத் தைக்கும் சிறு ஸ்டுடியோக்கள் நடத்துகிறார்கள். கல்யாண உடை, அபாயா, ஹிஜாபுக்குப் பொருந்தும் வேலைக்கான உடை. கடையில் தொங்கும் உடையில் கை குட்டை, கழுத்து இறக்கம். ஆகவே தைத்துப் போடும் தேவை நம் பெண்களிடம் குறையவே இல்லை. வார இறுதியில் அதே மேசையில் வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே முதல் நாளே கத்திரியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்! பழைய மாஸ்டர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். 2016 முதல் 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி கிடைத்ததால், வேறு வேலையில் இருப்பவர்களும் அங்கீகரிக்கப்பட்ட தையல் பயிற்சிகளில் சேர்ந்து பார்க்க முடிந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்புக் கட்டணம்தான் பல ஸ்டுடியோக்களின் வாடகையைக் கட்டுகிறது, தையல் கூலி அல்ல. ஒரு லைனிங் ரவிக்கைக்கு அரை நாள் வேலை. கூலியைக் கேட்டதும், “ஊரில் இதற்கு நானூறு ரூபாய்தானே” என்று நாமே பேரம் பேசுகிறோம். சாப்பாட்டுக் கடையில் பிரியாணிக்கு அப்படிப் பேரம் பேசுவதில்லை. நபி இத்ரீஸ் (அலை) அவர்கள்தான் முதன்முதலில் ஆடை தைத்து அணிந்தவர்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தத் தொழிலுக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் நம் கை சுருங்குகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தையற்காரர்கள் ‘அளவுப் புத்தகம்’ வைத்திருந்தார்கள். நீளமான நோட்டு, பெயர், தேதி, அளவுகள், ஓரத்தில் துணியின் சின்னத் துண்டு குத்தியிருக்கும். ஒரு பெண்ணின் பள்ளிச் சீருடை, நிக்காஹ் ரவிக்கை, பிள்ளை பெற்றபின் மாறிய அளவு என்று ஒரு வாழ்க்கையே அந்தப் பக்கங்களில் கிடக்கும். கடை மூடும்போது அவை பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. உங்கள் பாட்டியார் மெஷினின் இழுப்பறையிலும் அப்படி ஒன்று கிடக்கலாம். இருந்தால் எறிந்துவிடாதீர்கள். யார் எழுதியது, எந்த வட்டாரம், எந்த வருடம் என்று ஒரு தாளில் குறித்து, நோட்டோடு சேர்த்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கையெழுத்தைப் படிக்க அவர்களால்தான் முடியும்.